கையெழுத்து கோணினால் தொண்டையைப் பாருங்கள்

நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் எழுத்து இரண்டே வாரத்தில் கோட்டை விட்டு மேலும் கீழும் ஓடினால், அதைச் சோம்பல் என்று சொல்வதற்கு முன் அந்தப் பிள்ளையை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி. பரீட்சைப் பயம், கண்ணாடி தேவைப்படுவது, வீட்டில் சண்டை என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் எங்கள் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இதுவரை யாரும் வாய் திறந்து சொல்லாத ஒரு காரணம் இருக்கிறது. அது தொண்டையில் தொடங்கி மூளையில் போய் முடிகிறது.

மும்பை தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்துகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி, முத்து முத்தாக எழுதுபவள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அவள் எழுத்து சிதறியது. பென்சில் கையில் நிற்கவில்லை. மதியச் சாப்பாட்டில் தட்டு கவிழ்ந்தது. முகம் தானாகக் கோணியது; பக்கத்தில் இருந்தவள், "டீச்சர், இவ பழிப்புக் காட்டுறா" என்று புகார் சொன்னாள். காரணமில்லாமல் அழுவாள், அடுத்த நிமிடமே சிரிப்பாள். பெஞ்சின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு எண்ணி முடிக்காமல் உட்கார மாட்டேன் என்று அடம் வேறு.

அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். "தூங்கும்போது நல்லாத்தான் கெடக்கா டீச்சர். முழிச்சதும் ஆரம்பிச்சிருதா. நடிக்கான்னு அவ அப்பா சொல்லுதாவ. எனக்குக் கோட்டி புடிச்சிட்டோன்னு பயமா இருக்கு." தாயத்துக் கட்டியாயிற்று, ஜெபக் கூட்டத்துக்கும் போயாயிற்று. தெருமுனைக் கிளினிக்கில் ஒரு டானிக் பாட்டில் கொடுத்திருந்தார்கள்.

அந்த அம்மாவுக்கு இந்தியும் வராது, மராத்தியும் வராது என்பதால் சயான் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். கேஸ் பேப்பர் எடுக்கத்தான் நேரம் ஆனது. நோயைக் கண்டுபிடிக்க ஆகவில்லை. இளம் மருத்துவர் தன் இரண்டு விரல்களை நீட்டி, விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். சிறுமியின் பிடி இறுகித் தளர்ந்து, இறுகித் தளர்ந்து, பால் கறக்கிற கை மாதிரி இருந்தது. நாக்கை நீட்டி வைக்கச் சொன்னார். நீட்டிய நாக்கு நிற்காமல் உள்ளே ஓடியது. பிறகு கேட்டார், இரண்டு மூன்று மாதத்துக்குள் தொண்டை வலி வந்ததா? ஜூலையில் வந்திருந்தது. மெடிக்கல் ஷாப்பில் மூன்று நாள் மாத்திரை வாங்கிப் போட்டதும் சரியாகிவிட்டது என்றாள் அம்மா.

நோயின் பெயர் சிடன்ஹாம் கொரியா. தாமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கில மருத்துவர் 1686இலேயே விவரித்தது. 5 முதல் 15 வயதுக்குள், பையன்களைவிடப் பெண் பிள்ளைகளுக்கே அதிகம் வரும். தூக்கத்தில் அசைவுகள் அடங்கிவிடுவது இந்த நோயின் இயல்பு. அதை நடிப்புக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு எத்தனை பிள்ளைகள் அடி வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

தொண்டையில் தொற்றும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி மூளைக்குப் போவதில்லை. அதை அழிக்க உடல் தயாரித்த எதிர்ப்புப் புரதங்கள்தான் தடம் மாறுகின்றன. கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு சர்க்கரைப் பொருளும் நம் நரம்பணுக்களின் மேல் உள்ள ஒரு பொருளும் ஏறத்தாழ ஒரே சாயல். அமெரிக்காவில் மேடலின் கன்னிங்ஹாம் குழுவினர் 2003இல் கொரியா நோயாளிகளின் எதிர்ப்புப் புரதம் இரண்டிலும் போய் ஒட்டிக்கொள்வதைக் காட்டினார்கள். அசைவையும் பழக்கத்தையும் கட்டுப்படுத்தும் பேசல் கேங்லியா என்ற பகுதி இதனால் தூண்டப்படுகிறது, டோபமைன் கூடுகிறது, கை தானாக ஆடுகிறது. மனமும் சேர்ந்து ஆடுவதற்குக் காரணம் அந்தப் பகுதிதான். பெஞ்சைத் தொட்டு எண்ணியது அதனால்தான். இதே சாயல் குழப்பம் இதய வால்வுகளையும் விடுவதில்லை. அதனால்தான் கை ஆடுகிற பிள்ளைக்கு இதயத்தைப் பார்க்கும் எக்கோ பரிசோதனை எழுதிக் கொடுக்கிறார்கள்.

ரத்தத்தில் இருக்கும் புரதம் மூளையின் காவலைத் தாண்டுவது எப்படி? 2016இல் வெளியான ஓர் ஆய்வில் எலிகளுக்கு மூக்கு வழியே இந்தக் கிருமியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். நோயெதிர்ப்பு அணுக்கள் வாசனை நரம்பின் பாதையிலேயே மூளைக்குள் ஏறின, ரத்தக்குழாய்ச் சுவர்கள் கசிந்தன. எலிக்கு நடப்பதெல்லாம் நமக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் 'திரும்பத் திரும்ப' என்பதில் என் மனம் நிற்கிறது. பத்துக்குப் பத்து அடி ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்து எழும் வீட்டில், ஒருவர் தொண்டைக் கிருமி எல்லோரையும் சுற்றிவிட்டு முதல் ஆளிடமே திரும்பி வரும்.

இனி, கொஞ்சம் வசதியான தமிழர்கள் இருக்கும் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் வருகிறேன். நான் குடியிருப்பது செம்பூரில். எங்கள் கட்டட வாட்ஸ்அப் குழுவில் கொரியா தெரியாது, பாண்டாஸ் தெரியும். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் சூசன் ஸ்வீடோ, கொரியா பிள்ளைகளிடம் கண்ட மனப்பிடிப்புகளைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1998இல் 50 பிள்ளைகளின் விவரத்தோடு வைத்த பெயர் அது. தொண்டைத் தொற்றுக்குப் பின் திடீரென்று ஓயாமல் கை கழுவுவது, கண் சிமிட்டுவது, தோள் குலுக்குவது. கொரியாவைப் போல இது முடிந்துபோன வழக்கு அல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கிருமி சர்வ சாதாரணம் என்பதால் இந்தக் கிருமிக்கு எதிரான புரதத்தை அளக்கும் ஏஎஸ்ஓ ரத்தப் பரிசோதனையின் அளவு உயர்ந்திருப்பதை மட்டும் வைத்துக் காரணம் சொல்லிவிட முடியாது. இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் குணமாகும் என்று நம்பி 35 பிள்ளைகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2016இல் வந்தது; வெறும் திரவம் ஏற்றிக்கொண்டவர்களோடு ஒப்பிட்டால் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. லட்சத்தைத் தாண்டக்கூடிய அந்தச் சிகிச்சையைக் கேட்டுப் படியேறும் பெற்றோரை நான் பழிக்கவில்லை. ஒரே இரவில் பிள்ளை மாறிப்போனால் யார்தான் அலைய மாட்டார்கள்? ஆனால் மனநல மருத்துவரும் வழக்கமான சிகிச்சையும்தான் அங்கே முதலில் வர வேண்டும்.

எனக்கு ஆற்றாமை வேறு இடத்தில். சந்தேகமே இல்லாத நோய்க்குச் சந்தேகமே இல்லாத மருந்து இருக்கிறது: 21 நாளுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி, பெரிய பிள்ளைகளுக்கு 12 லட்சம் யூனிட். ஆடும் கை பெரும்பாலும் சில மாதங்களில் தானே அடங்கிவிடும், ஊசி அதற்கல்ல. அடுத்த தொற்று வந்து வால்வைக் கெடுக்காமல் இருக்கத்தான் இதைப் பல ஆண்டுகள் விடாமல் போட்டுக்கொள்வது. பென்சிலினை எதிர்த்து நிற்க இந்தக் கிருமி இன்றுவரை கற்றுக்கொள்ளவில்லை. நாடு விடுதலையான ஏழாம் ஆண்டே, 1954இல், புனே பக்கத்துப் பிம்ப்ரியில் இந்த மருந்துக்காக அரசு கம்பெனி தொடங்கினோம். இன்றைக்கு அலர்ஜி ஆகிவிடுமோ என்று பயந்து பல தனியார் கிளினிக்குகள் ஊசியைத் தொடவே மறுக்கின்றன. அது கெட்டியான மருந்து. ஊசி அடைத்துக்கொள்ளும், இரண்டு நாள் இடுப்பு வலிக்கும். பிள்ளை அழ, அம்மா விட்டுவிட, தவணை தப்புகிறது.

தப்புவதில் பெரும்பங்கு மே மாதத்துக்கு. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறிய குடும்பம் பள்ளி திறக்கும் ஜூன் நடுவில்தான் திரும்பும். ஒன்றரை மாதம் என்றால் இரண்டு ஊசி. ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், ஆங்கிலத்தில் கிறுக்கிய பம்பாய்ச் சீட்டைப் பார்த்துவிட்டு, அங்கேயே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

2013இல் இதே மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் 30 நோய்களில், இப்படி வால்வு கெடும் ருமாட்டிக் இதய நோயும் உண்டு. வால்வு கெட்ட பிறகு ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் சத்தத்தைத் தேடுகிறோம். அதற்கு முன்னால் கையெழுத்து நோட்டில் தெரிவதையும் தேடலாமே? அந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாளில் வகுப்பாசிரியரிடம், "இந்த ஆண்டு யாருடைய எழுத்தாவது திடீரென்று கெட்டதா?" என்று ஒரு கேள்வி போதும். தொண்டையிலேயே தடுப்பதற்காக எல்லாத் தொண்டை வலிக்கும் ஆன்டிபயாடிக் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூக்கொழுகி இருமினால் பெரும்பாலும் வைரஸ்தான். காய்ச்சலோடு விழுங்க முடியாத வலியும் கழுத்தில் நெறிக்கட்டும் வந்தால்தான் மருத்துவர் பார்க்க வேண்டும். ஸ்ட்ரெப் என்று அவர் சொன்னால் 10 நாள் மாத்திரை, இல்லாவிட்டால் ஒரே ஊசி. வலி தொடங்கி 9 நாளுக்குள் ஆரம்பித்தாலே, வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம்.

ஊசி போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு பிள்ளையிடமும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட ஓர் அட்டை இருக்க வேண்டும்: நோயின் பெயர், மருந்தின் அளவு, இதுவரை ஒவ்வாமை வரவில்லை என்ற குறிப்பு, கடைசித் தவணையின் தேதி, மருத்துவரின் முத்திரை. மாநகராட்சி அச்சிடட்டும், தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறை அதை ஏற்றுக்கொள்ளச் சொல்லி நிலையங்களுக்குச் சுற்றறிக்கை விடட்டும். ஏப்ரல் முடிவதற்குள் கைக்கு வந்துவிட வேண்டும். மே முதல் வாரத்து ரயிலில் பாதிப் பள்ளிக்கூடம் கிளம்பிவிடும்.