வாசல்லயே நின்னது போதும்

எழும்பூர் மியூசியம் தியேட்டர்ல நாடகம் பார்க்கணும்னு எங்க தெருப் பிள்ளைகள் காசு சேர்க்கிறார்கள். "அங்க நமக்கென்னல சோலி?" என்கிறார் சித்தப்பா. கொட்டடிக்கக் கூப்பிட்டால் மட்டும் இந்தக் கேள்வி வராது. விழாவுக்கு வாசலில் நம்ம பறை. விளக்கேத்தினதும் நாம பந்தலுக்கு வெளியே. இந்தத் தடவை டிக்கெட் எடுத்து உள்ளே உட்காருவோம்.

1896-ல் எழுந்த அரங்கு அது. இங்கிலீஷ் நாடகம் பார்க்கிற துரைமாருக்குக் கட்டினான், கல் சுமந்தவனுக்கா கட்டினான்? பக்கத்திலேயே மியூசியம். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த சாமான்கள் அங்கே இருக்கு. நம்ம ஆத்தங்கரையிலிருந்து முதல்ல போய்ச் சேர்ந்தது அதுகதான். பகலில் அதையும் பார்க்கணும்.

சும்மா வேடிக்கை பார்த்துட்டு வரக் கூடாது. மேடை அகலம், விளக்கு, வாடகை எல்லாம் விசாரிச்சுட்டு வரணும். 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தொழிலாளருக்காக கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். அதைக் கொக்கிரகுளத்தில் மட்டும் சொல்லிக்கிட்டிருந்தா பத்தாது. அந்த மேடையில் நாடகமாப் போடணும். பறை அப்போ மேடைக்கு நடுவில இருக்கும்.

சித்தப்பாவுக்கும் ஒரு டிக்கெட் சொல்லியாச்சு. முன் வரிசை.