குப்பையிலிருந்து எரிவாயு

சென்னையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே போகிறவர்களுக்குப் பெருங்குடி குப்பைமேடு புதிதல்ல. பல ஆண்டுகளாக நகரத்தின் கழிவில் ஒரு பகுதி அங்கே வந்து விழுந்தது. பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அந்த நிலம் 2022ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் இடம் பெற்று உலகப் புகழ் அடைந்தது. ஆனால் அதன் ஓரத்தில் நாம் கொட்டிய குப்பையைத் தோண்டி எடுத்துப் பிரிப்பதற்குக் கோடிக்கணக்கான ரூபாய் செலவாயிற்று. கொட்டும்போது செலவில்லை, அள்ளும்போதுதான் அதன் விலை தெரிகிறது.

அதே சாலையில் இன்னும் சிறிது தூரம் போனால் படூர். 1985ஆம் ஆண்டில் அங்கே ஹிந்துஸ்தான் பொறியியல் கல்லூரி தொடங்கிற்று. இன்றோ படூர், கேளம்பாக்கம், களவாக்கம், தையூர் என்று வரிசையாகக் கல்லூரிகளும் ஆராய்ச்சிக் கூடங்களும் நிற்கின்றன. தையூரில் உள்ள ஐ.ஐ.டி. வளாகத்தில் ஹைட்ரஜன் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் அமைப்பதாக 2025ஆம் ஆண்டில் அறிவிப்பும் வந்தது. ஒரே சாலையின் ஒரு முனையில் குப்பை; மறு முனையில் விஞ்ஞானம். இரண்டையும் சேர்த்து வைக்க முடியாதா என்பதே இன்று நம் முன் உள்ள கேள்வி.

முடியும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். உமி, சவுக்குத் தழை, கரும்புச் சக்கை போன்ற தாவரக் கழிவோடு பிளாஸ்டிக் கழிவையும் சேர்த்து, அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு எடுக்கலாம் என்பது அவர்கள் வாதம். நம் நாட்டிலும் வெளிநாடுகளிலும் பல முதுகலை மாணவர்கள் இதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் ரசாயனப் பொறியியல் துறையில் தாவரக் கழிவையும் பிளாஸ்டிக்கையும் ஒன்றாகச் சூடேற்றிச் சிதைக்கும் ஆராய்ச்சி முன்பே நடந்திருக்கிறது.

இது எப்படி நடக்கிறது? குப்பையை எரிப்பதல்ல இது. தாராளமாகக் காற்று விட்டால்தான் பொருள் எரிந்து சாம்பலாகும். காற்றைக் குறைத்து, நீராவியைச் செலுத்தி, 700 முதல் 900 டிகிரி வரை சூடேற்றினால், பொருள் எரியாமல் வாயுவாகப் பிரிகிறது. அந்த வாயுவில் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் இருக்கும். அதனுடன் மறுபடியும் நீராவி சேர்த்தால், மோனாக்சைடு கரியமில வாயுவாக மாறி, மேலும் ஹைட்ரஜனைத் தருகிறது. பிறகு ஹைட்ரஜனை மட்டும் தனியே வடித்து எடுக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு கிலோ உலர்ந்த தாவரப் பொருளில் இருக்கும் ஹைட்ரஜன் சுமார் 60 கிராம்தான். ஆனால் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் ஒரு கிலோவிலிருந்து 100 கிராம் எடுத்துக் காட்டியதாக 2022ஆம் ஆண்டில் தெரிவித்தார்கள். மீதி 40 கிராம் எங்கிருந்து வந்தது? நீராவியிலிருந்து வந்தது. தண்ணீரும் தன் பங்கைக் கொடுத்துவிடுகிறது.

பிளாஸ்டிக் பையில் ஹைட்ரஜன் இன்னும் அதிகம். பாலித்தீன் ஒரு கிலோவில் சுமார் 140 கிராம் இருக்கிறது. ஆனால் அதைத் தனியே போட்டால் உருகி ஒட்டிக்கொண்டு இயந்திரத்தை அடைத்துவிடும். தாவரக் கழிவைத் தனியே போட்டாலோ கீல் போன்ற பிசின் படிந்து குழாய்களைக் கெடுக்கும். இரண்டையும் அளவோடு கலந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஓரளவு தீர்க்கிறது. தாவரச் சாம்பலில் உள்ள பொட்டாசியமும் கால்சியமும் பிசினை உடைக்க உதவுகின்றன. எந்த அளவில் கலப்பது, எந்த ஊக்கியைப் போடுவது என்பதைத்தான் ஆராய்ச்சி மாணவர்கள் இரவு பகலாகச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

ஹைட்ரஜன் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் மணலியைப் பார்க்கட்டும். அங்குள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கும் உரத் தொழிற்சாலைக்கும் ஹைட்ரஜன் இல்லாமல் காரியம் நடக்காது. சென்னை ஐ.சி.எப். தொழிற்சாலையில் 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹைட்ரஜனில் ஓடும் ரயில் பெட்டியே சோதிக்கப்பட்டது. ஆனால் உலகில் இன்று தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ எடுத்தால் ஒன்பது, பத்து கிலோ கரியமில வாயு வானத்தில் கலக்கிறது. இதை மாற்றத்தான் மத்திய அரசு 2023ஆம் ஆண்டு ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கரியமில வாயுவுக்கு மேல் வெளிவந்தால் அது பசுமை ஹைட்ரஜன் அல்ல என்றும் அதே ஆண்டில் வரையறை செய்தது. நம் நாட்டில் வயல் கழிவில் உபரியாக நிற்பது ஆண்டுக்குச் சுமார் 23 கோடி டன் என்று அரசின் மதிப்பீடு கூறுகிறது. மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை.

இவ்வளவும் மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும் ஒரு உண்மையை நாம் மறைக்கக்கூடாது. நெற்பயிர் காற்றிலிருந்து எடுத்த கரியைத்தான் உமி திருப்பிக் கொடுக்கிறது. வரவும் செலவும் சரியாகிவிடும். பிளாஸ்டிக் அப்படியல்ல. அதில் இருப்பது பூமிக்கடியிலிருந்து எடுத்த எண்ணெய். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு துளியும் வீணாகாமல் பாலித்தீனை ஹைட்ரஜனாக மாற்றினாலும், கிலோவுக்கு ஏழு கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளிவரும். அந்த வாயுவைப் பிடித்துப் பூட்டி வைத்தாலன்றி, சுத்தமான ஹைட்ரஜன் என்று அதற்குப் பெயர் சூட்டுவது நியாயமாகாது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஹைட்ரஜன் வரவை எழுதுகிறவர்கள் கரியமில வாயுச் செலவையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கடையில் வாங்கிய சுத்தமான பிளாஸ்டிக் மணிகளை வைத்துச் செய்யும் சோதனை வேறு. தெருக் குப்பையை வைத்துச் செய்வது வேறு. தெருக் குப்பையில் மண் இருக்கும், ஈரம் இருக்கும், பி.வி.சி. துண்டும் இருக்கும். பி.வி.சி.யில் உள்ள குளோரின் அமிலமாகி இயந்திரத்தை அரிக்கும். விஷப் பொருள்களும் உண்டாகலாம். கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை வட சென்னை மக்கள் 2025ஆம் ஆண்டில் எதிர்த்தார்கள். அவர்கள் அச்சத்தை அறியாமை என்று தள்ளுவது தவறு. புகையை மூச்சில் இழுக்கப் போகிறவர்கள் அவர்கள்தாம். புதிய முறை பழையதைவிட நல்லது என்றால், அளந்து காட்டி அவர்களுக்கு நம்பிக்கை ஊட்ட வேண்டும்.

ஆகவே நமது யோசனை இது. செங்கற்பட்டு மாவட்டத்துக் கல்லூரிகள் தங்களைச் சுற்றியுள்ள ஊராட்சிகளின் உண்மையான குப்பையையும், ஏரிப் பாசன வயல்களின் உமியையும் வைத்து ஆராயட்டும். ஊராட்சிகள் குப்பையைக் கொடுக்கட்டும். கல்லூரிகள் கணக்கைக் கொடுக்கட்டும். அரசின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023ஆம் ஆண்டில் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது. அதைப் பெறும் தகுதித் தேர்வைத் தாண்டாத திறமைசாலிகளும் ஆராய்ச்சிக் கூடங்களில் உழைக்கிறார்கள். அவர்களைக் கைவிடக்கூடாது.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைத் தாரில் கலந்து சாலை போட்டுக் காட்டினார். முதலில் கல்லூரி வளாகத்தில் போட்ட சாலை பிறகு நாடெங்கும் பரவிற்று. 2018ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு கல்லூரிக் கூடத்தில் பிறந்த யோசனை ஊருக்குப் பயன்பட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால், குப்பையிலிருந்து வாயு வருமாம் என்று கேள்விப்பட்டு, இன்னும் நாலு பை அதிகமாக வாங்கலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மஞ்சப்பைக்கு ஈடான இயந்திரத்தை எந்த விஞ்ஞானியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. படூர் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்ய வேண்டிய வேலை பெரிது. அதற்கு முன் நம் வீட்டு வாசலில் செய்ய வேண்டிய வேலை சிறிது: மக்கும் குப்பைக்கு ஒரு கூடை, மக்காத குப்பைக்கு ஒரு கூடை. அதை இன்றே செய்யலாம்.