கசினோவும் நேர்மையும்

சூது ஹராம். கசினோ மீது நமக்கு இரக்கமும் இல்லை. ஆனாலும் ஃபில் ஐவி வழக்கை ஆசிரியர்களாகிய நாம் வாசிக்கத்தான் வேண்டும்.

2012இல் லண்டன் க்ரொக்ஃபோர்ட்ஸ் கசினோவில் அவர் வென்றது ஏறத்தாழ 77 இலட்சம் பவுண். சீட்டுகளின் பின்பக்க ஓரக்கோலம் இரு புறமும் ஒன்றுபோல் இருக்கவில்லை. அதிர்ஷ்டத்துக்கென்று சொல்லி, நல்ல சீட்டுகளை மட்டும் ஊழியரைக் கொண்டே திருப்பி வைக்கச் செய்தார்கள். பிறகென்ன, வரப்போகும் சீட்டு நல்லதா என்பது முன்னமே தெரிந்துவிடும்.

கசினோ பணம் தர மறுத்தது. ஐவி வழக்குப் போட்டு, 2017இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். தான் ஏமாற்றவில்லை என்று அவர் மனதார நம்பியதை நீதிபதிகளும் ஏற்றார்கள். ஆனால் நேர்மையை அளப்பது செய்தவரின் நினைப்பை வைத்தல்ல, சாதாரண மனிதரின் அளவுகோலை வைத்தே என்றார்கள்.

தீர்ப்பு சரியென்றே நமக்குப் படுகிறது. பரீட்சை மண்டபத்தில் பிடிபட்ட பிள்ளையும், "பிழையெண்டு நினைக்கல்ல சேர்" என்றுதானே சொல்கிறது!