ஆய்வில் நோயாளியின் குரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவ ஆய்வுகளில் நோயாளிகளுக்கும் இடம் வேண்டும் என்ற தங்கள் கட்டுரையை முழுமனதோடு வரவேற்கிறேன்.

என் கணவர் டயாலிசிஸ் செய்துகொள்பவர். ஒருமுறை அவரை ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். ஹீமோகுளோபின், பாஸ்பரஸ், ரத்த அழுத்தம் எல்லாம் குறித்துக்கொண்டார்கள். சிகிச்சை முடிந்து வந்தால் மறுநாள் வரை எழுந்திருக்க முடியாத அந்தக் களைப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவரை வாட்டுவதே அதுதான். ஆய்வின் முடிவும் எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை.

டயாலிசிஸ் ஆய்வுகளில் எதை அளக்க வேண்டும் என்று பல நாட்டு நோயாளிகளையும் மருத்துவர்களையும் ஒருசேரக் கேட்டது 'சாங்' என்ற சர்வதேச முயற்சி. அதில் இறப்பு, இதயநோய் ஆகியவற்றோடு களைப்பும் முக்கிய அளவீடாக இடம்பெற்றது. நோயாளியைக் கேட்டால்தான் இது தெரியவரும்.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு மருந்து ஆய்வு விதிகளின்படி, ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவில் பொதுமக்களில் ஒருவர் இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அவரிடம் வருவது ஏற்கெனவே தீட்டி முடித்த திட்டம். கேள்விகளை வகுக்கும்போதே அந்த நோயுள்ளவர்களையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் அழைக்க வேண்டும். முடிவுகளை எளிய தமிழில் அவர்களுக்கு அனுப்ப வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகள் இதைத் தொடங்கி வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை