காற்றும் கவசமும்

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் பெருவழியில் அமைந்த பழம்பதி காரமடை. அரங்கநாதர் திருக்கோயிலால் புகழ்பெற்ற இவ்வூரில் மாசி மகத்தை ஒட்டித் தேரோட்டம் நிகழும். வடம் பிடிப்போர் பல்லாயிரவர். காண்போர் கண்களெல்லாம் அவர்மீதும் தேர்மீதுமே நிற்கும். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையோடு உடன் செல்லும் சிலரை நோக்குவார் அரியர். ஆயினும், தேர் நேரிய வழியில் சென்று நிலையை அடைவது இவ்விரு திறத்தாராலும் அன்றோ? இழுக்கும் வலிமை எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு நிறுத்தும் திறமும் வேண்டும். இவ்வுண்மை தேருக்கு மட்டும் உரியதன்று. பேராற்றலைக் கையாளும் எல்லாத் தொழிலுக்கும் எல்லா விளையாட்டுக்கும் உரியது. பட்டத்தின் இழுவையால் தரைமீது விரைந்தோடும் இக்கால விளையாட்டு இதற்கொரு நல்ல சான்றாகும்.

சிறுவர் விடும் பட்டத்தை மனிதன் இழுக்கிறான். இவ்விளையாட்டிலோ பட்டம் மனிதனை இழுக்கிறது. ஆதலின் இதனை இழுபட்டம் எனலாம். இரண்டு அல்லது நான்கு கயிறுகளால் இயக்கப்படும் அகன்ற துணிப்பட்டம் காற்றை உள்ளே வாங்கிச் சிறகுபோல் விரியும். அதனைப் பற்றியவர் தரையில் சறுக்கியும், மூன்று உருளைகள் கொண்ட சிறு வண்டியில் அமர்ந்தும் ஓடுவர். இக்கருத்து முற்றும் புதியதன்று. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரப் பள்ளியாசிரியர் ஜார்ஜ் போகாக் என்பார், குதிரையின்றிப் பட்டங்களால் இழுக்கப்படும் வண்டியொன்றுக்கு 1826ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். 1903ஆம் ஆண்டில் சாமுவேல் கோடி என்பார் பட்டம் பூட்டிய படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். நம் நாட்டில் இராமேசுவரம், தூத்துக்குடிக் கரைகளில் பட்டத்தால் அலைமீது சறுக்கும் கலை இன்று பயிற்றுவிக்கப்படுகிறது. 2024ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக் விழாவில் அத்தகைய கடல் விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது.

காற்றைப் பணிகொள்ளுதல் தமிழர்க்கும் புதியதன்று. கரிகால் வளவனின் முன்னோர் காற்றின் போக்கறிந்து கடலில் கலம் செலுத்திய பெருமையை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் போற்றியுள்ளார். இக்காலத்துக் கொங்கு நாட்டிலோ, நீலமலைக்கும் ஆனைமலைக்கும் இடைப்பட்ட பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று, பல்லடம், உடுமலைப் பகுதிகளில் காற்றாலைகளைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. ஆயினும், பணிகொள்ள வேண்டுமாயின் பண்பறிதல் முதற்கடன். காற்றின் பண்பு யாது?

காற்றின் விரைவு இரட்டித்தால் அதன் அழுத்தம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 18 கிலோமீட்டர் விரைவில் வீசும் காற்று, தன்னை எதிர்த்து நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் எடைக்கு நிகராக அழுத்துகிறது. விரைவு 36 கிலோமீட்டரானால் அவ்வழுத்தம் ஆறு கிலோகிராம் ஆகிறது. 54 ஆனால் பதின்மூன்றரையாகிறது. பட்டம் காற்றைக் குறுக்கே வெட்டிப் பாயும்போது இழுவை இன்னும் மிகும். மெல்லிய காற்றில் கைக்கு அடங்கிய பட்டம் ஒரு பெருவீச்சில் ஆளையே தூக்கி எறிவது இக்கணக்கினால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று முன்னோர் கூறியது வெறும் மிகைமொழியன்று, எச்சரிக்கையுமாகும்.

இனி, கற்கும் முறையை நோக்குவோம். முதலாவது இடம். மரமும் மின்கம்பியும் சாலையும் மக்கள் நடமாட்டமும் இல்லாத அகன்ற வெளி வேண்டும். காரமடையைச் சூழ்ந்த நிலப்பகுதி மலையடிவாரத்தது, தென்னந்தோப்புகள் நிறைந்தது. மலையிலும் தோப்பிலும் மோதி வரும் காற்று ஒரு சீராக வீசாது. சற்றே ஓய்ந்து, எதிர்பாராத நொடியில் சீறிப் பாயும். நிலையான கடுங்காற்றைக் காட்டிலும் நிலையில்லாக் காற்றே ஏதம் மிக்கது. ஆதலின், இத்தகைய நிலத்தில் தொடங்குவோர் ஆடி மாதத்தை நாடாது, மென்காற்று வீசும் நாளில், சிறிய பட்டத்தைக் கொண்டு, வல்லார் ஒருவர் அருகிருக்கக் கற்றலே தக்கது.

இரண்டாவது, பட்டம் எங்கே நின்றால் எவ்வளவு இழுக்கும் என்னும் அறிவு. காற்று செல்லும் திசைக்கு நேரே, தாழ்வாகப் பறக்கும் பட்டம் முழு வலிமையுடன் இழுக்கும். தலைக்கு நேர்மேலும் இருபக்க ஓரங்களிலும் இழுவை தளரும். ஓரத்தில் எழுப்பி ஓரத்தில் இறக்கப் பழகாதவர் நடுவெளியில் பட்டத்தை ஏற்றுதல், கடிவாளம் பற்றத் தெரியாதவர் முரட்டுக் குதிரையில் ஏறுதலை ஒக்கும்.

மூன்றாவதே தலையாயது. அது விடக் கற்றல். நான்கு கயிறுகள் கொண்ட பட்டத்தில் இரண்டு கயிறுகள் அதன் பின்விளிம்பை இழுத்து விரைவைத் தணிக்கும். கைப்பிடிகளை விட்டதும், மணிக்கட்டில் அணிந்த வார்கள் அக்கயிறுகளை இழுக்கப் பட்டம் வலியிழந்து வீழும். இதுவே இவ்விளையாட்டின் முட்டுக்கட்டை. இழுவை மிகும்போது பற்றை இறுக்குவதே மனித இயல்பு. அவ்வியல்பை வென்று, தக்க நொடியில் கையை விரிக்கப் பழகியவரே கற்றவராவார். ஓடும் கயிற்றை வெறுங்கையால் பற்றுதலும், எளிதில் விடுபட இயலாதவாறு உடலோடு கட்டிக்கொள்ளுதலும் ஒருபோதும் கூடா. கயிறு பிறர்க்கு ஊறு செய்யாதவாறு காத்தலும் கற்பவர் கடன். நைலான் மாஞ்சாவையும் கண்ணாடித்தூள் பூசிய நூலையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017ஆம் ஆண்டில் நாடு முழுவதும் தடைசெய்தது அக்கடனை மறந்தோர் பலராயினமையாலேயே.

இவ்வளவும் கற்ற பின்னும் வீழ்ச்சி நேராது என்று கூற இயலாது. இழுவைக்கு எதிராகப் பின்சாய்ந்து நிற்பவர், பட்டம் திடீரெனத் தளர்ந்தால் மல்லாந்து விழுவார். பின்மண்டை தரையில் மோதும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையை அடையும்போது அதன் விரைவு மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அவ்விரைவில் கல்லின்மீது மோதும் தலை, நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் நின்றுவிடுகிறது. அத்திடீர் நிறுத்தமே மூளைக்குக் கேடு. எண்சாண் உடம்புக்குத் தலையே முதன்மை என்பதை மெய்ப்பிக்க வேறு சான்று வேண்டா.

தலைக்கவசம் செய்யும் பணி யாது? அதன் வன்மையான மேலோடு அடியைப் பரப்புகிறது. உள்ளிருக்கும் தெர்மக்கோல் போன்ற நுரைப்பொருள் நசுங்குகிறது. அந்நசுங்கலால் தலை சிறிது தொலைவு சென்று சற்றே மெல்ல நிற்கிறது. தலை ஏற்கவிருந்த அடியை நுரை ஏற்றுக்கொள்கிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்னும் பழமொழியின் பொருளை இக்கால அறிவியல் இவ்வாறு மெய்யாக்கியுள்ளது. ஒருமுறை நசுங்கிய அத்தகைய நுரை மீண்டும் காவாது. ஆகவே, பேரடி பட்ட கவசம் வெளித்தோற்றத்தில் பழுதின்றி இருப்பினும் கழிக்கத்தக்கதே.

எல்லாக் கவசமும் எல்லாத் தொழிலுக்கும் ஆகும் என்று எண்ணுதல் பெரும்பிழை. கட்டடத் தொழிலாளர் அணியும் தொப்பி மேலிருந்து வீழும் பொருளைத் தடுக்க அமைந்தது. மல்லாந்து விழுபவர்க்கு அது போதாது. மோட்டார் சைக்கிள் கவசம் வலிது, ஆயினும் கனமிக்கது. அது செவியை மூடுவதால் காற்றின் மாற்றமும் துணைவர் குரலும் எளிதில் கேளா. இழுபட்டம் பயில்வோர்க்கு ஏற்ற கவசம் பின்மண்டையையும் பொட்டுகளையும் நன்கு மூட வேண்டும். மேலே எழும் பட்டத்தை நோக்கப் பார்வையை மறைத்தல் கூடாது. கயிறு சிக்கும்படி நீட்டிய உறுப்புகள் இருத்தல் ஆகாது. ஐரோப்பிய நாடுகளில் மிதிவண்டிக்கும் உருளைச் சறுக்குக்கும் 1078 என்னும் எண்ணுடைய தரமும், வான் விளையாட்டுகளுக்கு 966 என்னும் தரமும் வகுத்திருப்பது, அடியின் வகைக்கு ஏற்பக் கவசமும் வேறுபடும் என்பதைக் காட்டும். வாங்குமுன் புருவத்திற்கு மேலே தலையின் சுற்றளவை அளத்தல் வேண்டும். அணிந்து தலையை அசைத்தால் கவசம் தனியே சுழலக் கூடாது. தாடைவார் இறுகப் பூட்டப்படாத கவசம் வீழ்ச்சியின்போது தலையை விட்டு முன்னரே அகன்றுவிடும்.

கவசம் அணிதல் அச்சத்தின் அடையாளம் என்பர் சிலர். கவசம் அணிந்து களம் புகுந்த பண்டை வீரரை அஞ்சியவர் என்று எவரும் கூறியதில்லை. வேறு சிலர், கவசம் உண்டென்னும் துணிவால் மக்கள் அளவு கடந்து விரைவர் என்பர். இதில் ஓரளவு உண்மை உண்டு. கவசம் கழுத்தையும் முதுகையும் காவாது; மின்கம்பியையும் விலக்காது. ஆனால், இதனால் பெறப்படுவது கவசம் வேண்டா என்பதன்று. கவசத்தோடு கல்வியும் அடக்கமும் வேண்டும் என்பதே. முட்டுக்கட்டை உண்டென்று தேரைத் தாறுமாறாக இழுப்பார் உளரோ?

இழுபட்டத்தைக் காரமடை மாணவர் பலர் தம் வாழ்நாளில் தொடாமலும் போகலாம். ஆயினும், ஊரின் ஊடே செல்லும் மேட்டுப்பாளையம் சாலையை அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். இங்கிலாந்தில் 1935ஆம் ஆண்டில் புகழ்மிக்க படைத்தலைவர் லாரன்ஸ் மோட்டார் சைக்கிள் வீழ்ச்சியில் தலையடிபட்டு இறந்தார். அவருக்கு மருத்துவம் செய்தவருள் ஒருவரான ஹியூ கெயின்ஸ் அத்துயரை ஆராய்ச்சியாக மாற்றினார். தலைக்கவசம் உயிர் காக்கும் என்பதை 1941ஆம் ஆண்டில் தம் கட்டுரையால் விளக்கினார். நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, இருசக்கர வண்டியை ஓட்டுபவரும் பின்னமர்பவரும் தலைக்கவசம் அணியப் பணிக்கிறது. சட்டம் இவ்வாறு இருக்க, கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டு, காவலரைக் கண்டபோது மட்டும் தலையில் ஏற்றுவோர் உளர். காவலர்க்காக அணியும் கவசம் காவலர் இல்லாத வளைவில் எவ்வாறு காக்கும்?

காற்றுக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்னும் வேறுபாடு இல்லை, தரைக்கும் அவ்வாறே. அவை அடக்கமுடையார்க்காக மெலிவதும் இல்லை. துணிவுடையார்க்காக விலகுவதும் இல்லை. அவற்றின் இயல்பறிந்து, நிறுத்தக் கற்று, ஏற்ற கவசம் பூண்டு முன்செல்வதே அறிவுடைய வீரம். ஆற்றலைத் தேடும் இளைஞர், வடத்தைப் பற்றுமுன் முட்டுக்கட்டையையும் நினைவாராக.