விரிவலை வேகமும் ரவுட்டரின் வரிசையும்

சிங்கப்பூரின் விரிவலைக் கட்டமைப்பை விநாடிக்கு 10 கிகாபிட் வேகத்துக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடப்படும் என்று தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2024-இல் அறிவித்தது வரவேற்கத்தக்கதே. ஆயினும் கிடைக்கும் வேகத்தை நியாயமாகப் பங்கிடும் முறையையும், சேவை நிறுவனங்கள் வழங்கும் ஒவ்வொரு ரவுட்டரிலும் ஆணையம் கட்டாயமாக்க வேண்டும்.

தரவு சிறுசிறு பொட்டலங்களாகப் பயணிக்கிறது. வந்துசேரும் பொட்டலங்கள் வெளியேறும் பொட்டலங்களை மிஞ்சும்போது, ரவுட்டர் அவற்றைத் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்துகிறது. நினைவகம் மலிவாகி வரிசை நீண்டதுதான் வினையாயிற்று. சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைவீட்டு மாடியறையில் ஊழியர்கள் பலர் ஒரே சிம் ரவுட்டரைப் பகிர்ந்துகொள்ளும் ஞாயிறு மாலையில், ஒருவரின் கைப்பேசி அன்றைய காணொளிகளைப் பதிவேற்றத் தொடங்கினால், விநாடிக்கு 8 மெகாபிட் அனுப்பும் இணைப்பில் 1 மெகாபைட் அளவுக்கு வரிசை சேர்ந்ததுமே, ஊரில் இருக்கும் மனைவியுடன் பேசும் மற்றொருவரின் குரல் முழுதாக ஒரு விநாடி தாமதித்தே கிளம்பும், இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "கேக்குதா?" என்பதிலேயே அழைப்பு கழியும்.

இதற்கான மருந்து புதிதன்று. செயலிகள் திறக்கும் ஒவ்வோர் இணைப்புக்கும் தனி வரிசை அமைத்து முறைவைத்து அனுப்பும் வழியை டெமர்ஸ், கேஷவ், ஷென்கர் ஆகியோர் 1989-இலேயே ஆராய்ந்து வெளியிட்டனர். நெடுநேரம் காத்திருக்கும் பொட்டலங்களை உதிர்த்து, அனுப்பும் கணினி வேகத்தைக் குறைத்துக்கொள்ளச் செய்யும் 'கோடெல்' முறை 2012-இல் வந்தது. இரண்டையும் இணைத்த மென்பொருள் லினக்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது.

வேகம் பெருகினால் நெரிசல் தானே தீரும் என்பது சாலையை அகலப்படுத்தினால் போதும் என்பதைப் போன்ற வாதம். நகர மையத்தில் நுழைவதற்கு 1975-லேயே கட்டணம் விதித்த நாட்டில் அது எடுபடக் கூடாது. கண்ணாடி இழை வேகமானால் நெரிசல் வைஃபைக்கு இடம்பெயரும். அங்கோ மூலையில் கிடக்கும் பழைய கைப்பேசி ஒன்று, மெதுவாக அனுப்புவதனாலேயே, மற்றவர்களின் நேரத்தையும் விழுங்கிவிடும்.

உள்ளடக்கத்தைப் பாராமல் முறைவைப்பதால், இந்தப் பங்கீட்டு முறை எந்தத் தரவையும் பாகுபடுத்தக் கூடாது என்னும் இணையச் சமநிலைக்கு முரணாகாது. நியாயமான நெரிசல் மேலாண்மையை ஆணையத்தின் முன்னோடி அமைப்பு 2011-லேயே அனுமதித்தது. ஆனால் இருபது இணைப்புகளைத் திறக்கும் செயலி இருபது பங்கைப் பெற்றுவிடும் என்பதால், பங்கீடு இணைப்புக்கு அன்றி, கருவிக்கு என்றே விதி வகுக்கப்பட வேண்டும். கிகாபிட்டைப் பெரிய எழுத்தில் அச்சிடும் விளம்பரங்கள், இணைப்பு முழுச் சுமையில் இருக்கும்போது ஏற்படும் தாமதத்தையும் அதே அளவு எழுத்தில் தெரிவிக்கட்டும்.