தாளில் மடித்த மாத்திரை வேண்டாம்



வளைகுடாவின் பெட் ஸ்பேஸ் (கட்டில் வாடகை) அறைகளில் மூட்டைப்பூச்சித் தொல்லை தாங்காத சிலர், லேபிள் இல்லாமல் தாளில் மடித்து விற்கும் சாம்பல் நிற மாத்திரைகளைக் கட்டிலடியில் வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறார்கள். அது தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு. ஈரக்காற்று பட்டதும் பாஸ்பீன் வாயு கிளம்பி, சுவர் இடுக்கு வழியே அடுத்த வீட்டுக்குள் நுழையும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. 2019-இல் ஷார்ஜாவில் 10 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தது பக்கத்து வீட்டில் வைத்த மருந்தால்தான்.

உரிமம் பெற்ற நிறுவனத்தையே அழையுங்கள். என்ன மருந்து, எத்தனை மணி நேரம் உள்ளே வரக்கூடாது என எழுதி வாங்குங்கள். முதல் நாளே அக்கம்பக்கத்துக்கும் வாட்ச்மேனுக்கும் சொல்லுங்கள். பிறகு யாருக்காவது வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால், சாப்பாட்டின் மேல் பழிபோட்டுக் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்; மருந்து வைத்த விஷயத்தை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

- வாசகர், ஷார்ஜா